ஏழு விரல் உயரத்தில் ஒரு கார்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. காரில் ஏறிப் போனதே மொத்தம் நாலைந்து தடவைதான் இருக்கும். ஆனால் நின்றுகொண்டிருக்கும் ஒரு காரின் நாலு சக்கரமும் ஒரே பக்கம் பார்க்கிறதா, இல்லை ஒன்று கிழக்கும் ஒன்று மேற்குமாய்ப் பார்க்கிறதா என்று கிட்டே போய் நின்றால் சொல்லிவிடுவேன். படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும். இது படித்து வந்ததில்லை. தறிக்கு நீட்டுகிற பட்டுப் பாவு பார்த்துப் பார்த்து வந்த கண்.

என் தம்பி ஐயம்பேட்டை போகிற ரோட்டில் கார் ஷெட் வைத்திருந்தான். தகரக் கொட்டகை, நடுவில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். அப்போது வீல் அலைன்மென்ட் பார்க்கிற கம்ப்யூட்டர் மிஷின் எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை. மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும். தம்பி நூல் கட்டிப் பார்ப்பான். காரின் இரண்டு பக்கமும் முன்னால் ஒரு கம்பி, பின்னால் ஒரு கம்பி நிறுத்தி, சக்கரத்தின் நடு உயரத்துக்குத் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டுவது. இரண்டு நரம்பும் காருக்கு ஒரே தூரத்தில், கோணாமல் நிற்க வேண்டும். அப்புறம் நரம்பிலிருந்து சக்கரத்து ரிம்மின் முன் விளிம்பு எவ்வளவு, பின் விளிம்பு எவ்வளவு என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தால் சக்கரம் உள்ளே திரும்பியிருக்கிறதா வெளியே திரும்பியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நரம்பை நேராகக் கட்டுவதுதான் கஷ்டம். தம்பிக்குப் பொறுமை கிடையாது. ஒருநாள் அவனுக்குச் சோறு கொண்டுபோனபோது, "இந்தப் பக்கம் நரம்பு தொய்யுது பாரு" என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. அளந்து பார்த்தான், தொய்ந்திருந்தது. அதிலிருந்து மத்தியான நேரம் நான் அங்கே போய் நரம்பு கட்டுவது வழக்கமாகிவிட்டது. வண்டி கொண்டுவருகிறவர்களுக்கு நான் யார் என்று தெரியாது. கூட்டிப் பெருக்க வந்தவள் என்று நினைப்பார்கள். எனக்கும் அதுதான் சௌகரியம். அன்னிய ஆண்கள் எதிரில் எனக்கு வாய் வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கடையில் போய் "உப்பு" என்று கேட்பதற்குள் நாலு பேர் வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தக் கூச்சத்தினால் என் வீட்டுக்காரருக்கு நான் செய்த கெடுதலைச் சொன்னால்தான் அந்தக் காரைப் பற்றிச் சொல்ல முடியும்.

ரெண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டுவோம். மூணு புடவைக்கான பட்டு இழை அத்தனையையும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அடியில் மூங்கில் கவை முட்டுக்கொடுத்து, கஞ்சித் தண்ணி தெளித்துப் பிரித்துவிட்டுக் காயவைப்பது. யார் வீட்டுப் பாவு ஆனாலும் தெருவே வந்து நிற்கும். எங்கள் தெருவுக்குக் குறுக்கே ஒரு சந்து வந்து சேரும். பாவு அந்தச் சந்து வாயையும் மறித்துக்கொண்டுதான் போகும். சந்திலிருந்து குறுக்கே போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி, சைக்கிளைச் சாய்த்து, குனிந்து பாவுக்குக் கீழே போவார்கள். பால்காரரும் அப்படித்தான், போலீஸ்காரரும் அப்படித்தான். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பாவுக்கு முன்னால் எல்லாரும் இறங்குவார்கள். கார் வந்தால் சுற்றிக்கொண்டு போகும்.

அன்றைக்கு நீட்டியது எங்கள் பாவு. எங்களுக்குப் பட்டு கொடுக்கிற முதலாளி, சாயக்காரரோடு தானே நின்று மூணு தரம் முக்கச் சொல்லி எடுத்த நிறம் அது. இலந்தைப்பழம் கனிந்து கறுக்கப்போகிற நேரத்தில் ஒரு அரக்கு இருக்குமே, அது. வேறு எந்தக் கடையிலும் அந்த நிறம் கிடையாது. அவருக்கு அதில் ரொம்பப் பெருமை.

சந்திலிருந்து ஒரு சிவப்புக் கார் வந்தது. சின்னக் கார்தான், ஆனால் ஸ்பிரிங்கைக் குறைத்து இறக்கின கார். தரையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே பாவுக்கு எதிரில் நின்றது. கண்ணாடியெல்லாம் கறுப்பு. என் பக்கத்துக் கண்ணாடி மட்டும் கீழே இறங்கியது. உள்ளே முதலாளியின் மகன். நான் சந்து முனையில் கவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒரு கை தூரம்.

"தூக்கிப் புடிங்கப்பா. என் வண்டி ஹைட்டே கம்மி. அப்பிடியே கீழ பூந்து பூடும்" என்றான்.

"சுத்திக்கினு போங்க தம்பி, அஞ்சு நிமிசம்" என்று என் வீட்டுக்காரர் அந்தக் கோடியிலிருந்து சொன்னார். அவருக்கு ஆள் தெரியவில்லை.

"தூக்குங்கன்றேன்ல."

தூக்கினோம். வேறு என்ன செய்வது. ஆளுக்கொரு கவையை உயர்த்தினோம். கார் பாவுக்குக் கீழே நுழைந்தது. கூரை தப்பித்துவிட்டது. கூரைமேல் ரேடியோவுக்கு நட்டுவைத்திருந்த ஏரியல் கம்பியை யாரும் நினைக்கவில்லை. அது பாவின் விளிம்பில் மாட்டி, இழைகளை வாரிச் சுற்றிக்கொண்டு, கார் போகப் போகப் பட பட பட என்று அறுத்துக்கொண்டே போனது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. நல்ல பட்டு அறும்போது அழுகிற மாதிரி இருக்காது. பல் உடைகிற மாதிரி இருக்கும்.

கார் கொஞ்ச தூரம் போய் நின்றது. அவன் இறங்கவில்லை. தலையை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தான். "நூலுதானே, முடிச்சு போட்டுக்குங்க" என்றான். கண்ணாடி மேலே ஏறியது. போய்விட்டான்.

அவன் இறங்கியிருந்தாலே நான் இதை எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். கார்க்கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்திருந்தால் போதும்.

அது யார் என்று நான் சொல்ல, என் வீட்டுக்காரர் போய்ச் சொன்னார். முதலாளி எங்களைக் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் புடவை பார்க்க வந்த கூட்டம். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார். "என் புள்ளை அன்னிக்கு வூட்ட வுட்டே போவலியாம். தூங்கிக்கினு இருந்தேன்றான். உன் கவனக்குறைவுக்கு என் புள்ளைய இழுக்கிறியா?"

தெருக்காரர்கள் இரண்டு பேரை என் வீட்டுக்காரர் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அவர்களும் அந்தக் கடைக்குத்தான் நெய்கிறவர்கள். "வண்டி வந்துது. கறுப்புக் கண்ணாடி. உள்ள யாருன்னு தெரியல" என்றார்கள். ஊரில் அப்படி இறக்கின சிவப்புக் கார் எத்தனை இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாதா.

"என் வூட்டுக்காரி பக்கத்துல நின்னா. அவ பாத்தா" என்றார் இவர்.

முதலாளி என்னைப் பார்த்தார். "சொல்லும்மா. நீ பாத்தியா? என் புள்ளைதானா?"

மெத்தையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. "ஆமாம்" என்கிற மூணு எழுத்துதான். தரையைப் பார்த்தேன். விரித்திருந்த துணியில் ஒரு குங்குமக் கறை, அதையே பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. "பாத்தியாப்பா?" என்றார் முதலாளி என் வீட்டுக்காரரிடம். அவ்வளவுதான். அதோடு எங்களுக்குப் பாவு நின்றது.

திரும்பி வரும்போது இவர் என்னைத் திட்டவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். திட்டியிருக்கலாம்.

அப்புறம் அவருக்குத் தெருவில் ஒரு பேர் வந்தது. பாவறுத்தான். டீக்கடையில், "இன்னா பாவறுத்தான், டீயா?" என்று கேட்பார்களாம். சிரித்துக்கொண்டு கேட்டால் கோபித்துக்கொள்ள முடியாது பாருங்கள். வேறு முதலாளிகளும் யோசித்தார்கள். எங்கள் தறி சும்மா கிடந்தது. அவர் பக்கத்து வீட்டுத் தறியில் கூலிக்கு உட்கார்ந்தார். முப்பது வருஷம் நெய்த மனுஷன்.

எனக்கு வயிறு எரிந்தது. மண்ணை வாரித் தூற்ற வேண்டும் என்று இருந்தது. அதைத் தெருவில் நின்று செய்யக்கூடக் கூச்சம். புழக்கடையில் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு பிடி வாரித் தூற்றினேன். காற்று இந்தப் பக்கம் அடித்தது. என் கண்ணிலேயே விழுந்தது. அவன் கை கால் விளங்காமல் போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை, முதல் வாரம் தவிர. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவன் காரை விட்டு இறங்கி, எங்கள் தெருவில் நின்று, அவன் வாயால் "நான்தான்" என்று சொல்ல வேண்டும். அதை அவன் அப்பா கேட்க வேண்டும்.

இரண்டு மாசம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை மத்தியானம் நான் ஷெட்டுக்குப் போனால் அந்தச் சிவப்புக் கார் பள்ளத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அவன் கதவில் சாய்ந்துகொண்டு செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். என்னை ஒரு தரம் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை. பாவு அறுந்த அன்றைக்கு விடியற்குளிருக்குத் தலையில் துண்டு சுற்றியிருந்தேன். துண்டு இல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

தம்பிக்கு அவன் யார் என்று தெரியாது. பாவு அறுந்த கதை தெரியும், ஆளைப் பார்த்ததில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் தம்பி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போயிருப்பான். அப்புறம் தம்பி மேலேதான் கேஸ் வரும்.

காருக்கு என்ன என்றால், இறக்கின காருக்கு எப்போதும் வருகிற வியாதிதான். உயரம் குறைந்தால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். முன் சக்கரங்கள் பார்க்கிற திசையும் மாறிவிடும். புது டயர் இரண்டும் வெளியே பார்க்க நன்றாக இருந்தது, உள்பக்கம் தேய்ந்து நூல் தெரிந்தது. ஸ்டீயரிங்கை விட்டால் இடது பக்கம் இழுக்கிறதாம். இப்போது வேறு அவன் மெட்ராஸிலிருந்து புதுசாக மரை போட்ட ஷாக்கும் ஸ்பிரிங்கும் வாங்கி மாட்டிக்கொண்டு வந்திருந்தான். அதில் ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். வளையத்தை மேலே திருகினால் கார் உயரும், கீழே திருகினால் தாழும்.

"இன்னும் எறக்கணும்ணே. டயருக்கும் பாடிக்கும் நடுவுல ரெண்டு வெரலு பூந்தா போதும்" என்றான்.

"அடி தட்டும் சார்."

"தட்டாது. நான் பாத்து ஓட்டுவேன்."

"எத்தினி பேரு ஏறுவாங்க வண்டில?"

தம்பி இதை எல்லாரிடமும் கேட்பான். உயரம் வைக்கும்போது ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். குடும்பம் ஏறுகிற வண்டி என்றால் பின்சீட்டில் மணல் மூட்டை வைத்துப் பார்ப்போம். இரண்டு ஆள் என்றால் இரண்டு மூட்டை. மூட்டை கொண்டுவந்து வைப்பது என் வேலை.

"நான் மட்டுந்தான். என் வண்டில யாரையும் ஏத்தமாட்டேன். சீட்டு அழுக்காவும்" என்றான்.

தம்பி என் பக்கம் திரும்பி, "மூட்டை வேணாங்க்கா" என்றான்.

எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை காலை அவன் கல்யாணப் புடவை எடுக்க அவன் வீட்டார் வருகிறார்கள். கல்யாணப் புடவையைக் கடைக்கு வரவழைக்காமல், தாய் தகப்பன் தறி வீட்டுக்கே போய்த் தட்டு வைத்து வாங்குவது அந்த வீட்டு வழக்கம். அந்தப் புடவை என் வீட்டுக்காரர் கூலிக்கு நெய்கிற பக்கத்து வீட்டில்தான் தறியில் இருந்தது. முதலாளியின் பெரிய கார் பெண் வீட்டாரை அழைக்கப் போகிறது, அதனால் மகனுடைய காரில்தான் வருகிறார்களாம் என்று பக்கத்து வீட்டுக்காரி காலையில்தான் என்னிடம் சொன்னாள். அப்பா, அம்மா, அத்தை, மூணு பேர். அத்தை நல்ல பருமன்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "வெள்ளிக்கிழம நாலு பேரு" என்று. தம்பி புரிந்துகொண்டு மூட்டை வைத்து இன்னும் இரண்டு விரல் உயர்த்தியிருப்பான். நான் சொல்லவில்லை. அன்றைக்குக் கடையில் எனக்கு வாய் வரவில்லை. ஷெட்டில் வந்தது. தொண்டை வரைக்கும் வந்ததைப் பிடித்து உள்ளே தள்ளினேன்.

அவனை ஓட்டுகிற சீட்டில் உட்காரவைத்து, தம்பி நாலு வளையத்தையும் திருகினான். ஒரு சக்கரத்துக்கு எத்தனை திருகோ மறு சக்கரத்துக்கும் அத்தனை. திருகின உடனே அளக்கக் கூடாது. ஸ்பிரிங் தன் இடத்தில் உட்கார வேண்டும். அதற்குக் காரை அமுக்கி ஆட்டிவிட வேண்டும். நான் கூரை விளிம்பைப் பிடித்து ஆட்டினேன். அப்போதுதான் ஏரியல் என் முகத்துக்கு நேரே வந்தது.

ஏரியலின் அடியில் ஒரு ரப்பர் குமிழ். குமிழுக்கும் கம்பிக்கும் நடுவில் இலந்தைப்பழ அரக்கில் நாலைந்து இழை, இறுகச் சுற்றி, முடிந்து கிடந்தது. மேல் இழை வெயிலில் வெளுத்திருந்தது. நகத்தால் லேசாக விலக்கினேன். உள்ளே இருந்தது அதே நிறம், அன்றைக்கு முக்கி எடுத்தது போல.

பிய்த்து எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கை போனது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால் என்ன சொல்வார்கள். உன் வீட்டில் கிடந்த நூலை எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறாய் என்பார்கள். அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விலக்கின இழையைத் திரும்ப மூடிவைத்தேன்.

"இன்னாம்மா தேடற?" என்றான் உள்ளேயிருந்து.

ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன்.

அப்புறம் சக்கரம். முன் சக்கரங்களுக்கு அடியில் கிரீஸ் தடவின இரட்டைக் கடப்பாக்கல் வைத்து, சக்கரம் தாராளமாகத் திரும்புகிற மாதிரி செய்து, நரம்பு கட்டினேன். தம்பி பள்ளத்தில் இறங்கினான். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பியின் நட்டைத் தளர்த்தி, நான் சொல்லச் சொல்லத் திருகுவான். "உள்ள ஒரு நூல் அளவு" என்பேன், திருகுவான். "போதும்" என்பேன், நிறுத்துவான். கண் என்னுடையது. அவன் என்னை நம்பித்தான் நட்டை இறுக்குவான்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நேரம் நான் சொல்ல வேண்டியது "போதும்". என் வாயில் வந்து நின்றது "இன்னும் ரெண்டு சுத்து". சொல்லியிருந்தால் சக்கரம் கோணிக்கொண்டிருக்கும். ஒரு மாசத்தில் டயர் கிழிந்திருக்கும். எங்கேயாவது மழையில் வேகமாகப் போகும்போது கார் அதுவாகத் திரும்பியிருக்கும். அவனுக்காக நான் தயங்கவில்லை. ரோட்டில் எதிரே வருகிறவன் எவனோ, அவன் பாவறுத்தவன் இல்லையே. "போதும்" என்றேன். அந்தச் சக்கரங்கள் மாதிரி நேராக நான் வேறு எந்தக் காருக்கும் வைத்ததில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சூப்பரா போவுதுண்ணே, கத்தி மாதிரி" என்றான்.

அவன் என் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் துடைப்பத்தைக் கீழே போட்டு, அதை எடுக்கிற சாக்கில் குனிந்தேன். காரின் வயிற்றில் இருப்பதிலேயே தாழ்ந்தது சைலன்சர் குழாய். அதற்கும் தரைக்கும் நடுவில் கையை விட்டேன். ஒரு கையின் நாலு விரல், அதன்மேல் மறு கையின் மூணு விரல். ஏழு விரல். அவன் உட்கார்ந்தால் இன்னும் மயிரிழை தாழும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் சந்து முனைக்குப் போனேன். அவன் வீட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு வர அதுதான் கிட்டத்து வழி. சந்து எங்கள் தெருவில் சேருகிற இடத்தில் குறுக்கே சாக்கடை. அதன்மேல் ஒரு பழைய கருங்கல்லைப் போட்டிருந்தார்கள். நடுவில் முதுகு தூக்கின கல். இரண்டு பக்கமும் ரோடு தாழ்ந்து கிடக்கும். செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி உட்கார்ந்து விரலை வைத்துப் பார்த்தேன். ஆறரை.

அவன் தனியாக வந்தால் போய்விடுவான். நாலு பேராக வந்தால் போகமாட்டான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புடைக்க வேண்டிய அரிசி இல்லை அது, முந்தின நாளே புடைத்தது. கார் சந்தில் மெதுவாக வந்தது. முன் சக்கரம் கல்மேல் ஏறி இறங்கியது. அப்புறம் கீழே "கர்ர்" என்று ஒரு சத்தம். கார் நின்றது. அவன் எஞ்சினை உறுமவிட்டான். சக்கரம் சுற்றியது, கார் நகரவில்லை. பின்னால் எடுத்தான், அதற்கும் வரவில்லை. கல்மேல் கோழி அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டது.

தெரு கூடிவிட்டது. தறிச் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டிலிருந்து வெளியே வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றார்.

கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. "நாலு பேரு தள்ளுங்கப்பா."

"தள்னா அடில குழாய் பிச்சிக்கும்" என்றார் தெருக்காரர் ஒருவர். "தூக்கணும். எல்லாரும் எறங்குங்க, அப்பதான் தூக்க முடியும்."

முதலில் முதலாளி இறங்கினார். அப்புறம் அம்மா, தாம்பாளத்தோடு. அத்தையை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அத்தை இறங்கின உடனே கார் ஒரு மூச்சு விட்ட மாதிரி மேலே எழும்பியது, ஆனாலும் குழாய் கல்லில் சிக்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அவன் இறங்கினான். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. சாக்கடை ஓரத்தில் காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து வைத்தான். அன்றைக்கு நான் கவை பிடித்து நின்ற அதே இடம்.

நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. கூட்டம் விலகி வழி விட்டது, நான் கூட்டத்துக்குள் போகிறவள் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். முதலாளி பக்கத்தில் போய் நின்று, ஏரியலின் அடியை விரலால் காட்டினேன்.

அவருக்குப் புரியவில்லை. "இன்னாம்மா?" என்றார். நான் விரலை எடுக்கவில்லை. அவர் குனிந்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மேல் இழையை விலக்கினார். நாற்பது வருஷம் பட்டு பார்த்த கை. அவருக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இழையை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பிரித்து எடுத்து, உள்ளங்கையில் வைத்து வெயிலில் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். கடைசியாக மகனைப் பார்த்தார்.

"இது எப்பிடிடா வந்துச்சு இங்க?"

"எது?"

"சொல்லு."

"தெரியலப்பா. எங்கனா பட்டிருக்கும்."

"இந்தக் கலரு எங்கனா படற கலரு இல்ல. சொல்லு. தூங்கிக்கினு இருந்தேன்னியே."

அவன் அம்மா தாம்பாளத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். அவன் தரையைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். குங்குமக் கறை இருந்திருந்தால் அதையே பார்த்திருப்பான். வாய்க்குள்ளேயே, "நான்தான்" என்றான்.

முதலாளிக்குக் கேட்டுவிட்டது. அவர் கண்ணை மூடித் திறந்தார். அதோடு முடிந்திருக்கும். எல்லாரும் காரைத் தூக்கக் குனியப் போனார்கள்.

"கேக்கல" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். தெரு முழுக்கத் திரும்பியது. அன்றைக்குக் கடையில் திரும்பின மாதிரியே. இந்தத் தடவை நான் தரையைப் பார்க்கவில்லை.

"பின்னால நிக்கறவருக்குக் கேக்கல" என்றேன்.

அவன் முகம் சிவந்து போனது. அப்பாவைப் பார்த்தான். கடைசியில் திரும்பி, என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நான்தாங்க அன்னிக்கு பாவ அறுத்தது" என்றான். இது நன்றாகக் கேட்டது.

அப்புறம்தான் தெருவுக்கு வாய் வந்தது. "அன்னிக்கு பாவுக்குக் கீழ பூந்துச்சே, இன்னிக்குக் கல்லுக்கு மேல போவலியா தம்பி?" என்றார் சாட்சிக்கு வந்து "தெரியல" என்று சொன்ன அதே மனுஷர். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு மாசமாக அந்த நாக்கை எங்கே வைத்திருந்தாரோ. அவரையும் நான் மறக்கவில்லை.

எட்டுப் பேராகத் தூக்கிக் காரைக் கல்லுக்கு இந்தப் பக்கம் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் தூக்க வரவில்லை. உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் முதலாளி பாவு அனுப்பினார். வாங்க வேண்டாம் என்றேன் நான். "பதினஞ்சு நாளு காக்க வைக்கிறேன், அது போதும்" என்றார் இவர். காக்க வைத்துத்தான் வாங்கினார். டீக்கடையில் அந்தப் பேர் அவரை விட்டுப்போய் அவனிடம் ஒட்டிக்கொண்டது. அவன் கல்யாணத்தன்றைக்குக்கூட யாரோ அந்தப் பேரைச் சொன்னார்களாம். நான் போகவில்லை. பத்திரிகை வந்தது.

கார் திரும்ப ஷெட்டுக்கு வந்தது, உயரத்தை ஏற்றித் தரச் சொல்லி. அதற்குள் தம்பிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "வெள்ளிக்கிழம நாலு பேரா வராங்கன்னு உனக்குத் தெரியுமாக்கா?" என்றான்.

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமில்ல. என் தொழிலுக்கு கெட்ட பேரு."

"என்னை யாரும் கேக்கலியே" என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

முதலாளி மகன் காரை விட்டு இறங்கித்தான் நின்றான். தம்பி, "எத்தினி பேரு ஏறுவாங்க சார்?" என்று கேட்டான். அவன் என் பக்கம் திரும்பி, "மூணு மூட்டை வைங்கம்மா" என்றான். நான் நாலு வைத்தேன். அத்தைக்கு இரண்டு.

அவனை மன்னித்துவிட்டாயா என்று என் மகள் கேட்பாள். அவன் நல்லபடியாகத்தான் இருக்கிறான், இரண்டு குழந்தைகள், கடையைப் பார்த்துக்கொள்கிறான், என்னை எங்கே பார்த்தாலும் கும்பிடுகிறான். நானும் பதிலுக்குத் தலையை ஆட்டுகிறேன். அவ்வளவுதான் என்னால் முடியும்.

சந்துக்கு சிமென்ட் ரோடு போட்டபோது அந்தக் கல்லைப் பெயர்த்து ஓரத்தில் போட்டார்கள். கூலிக்காரர்களிடம் நானே போய்க் கேட்டேன். கேட்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. புழக்கடையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். அதன் முதுகில் சைலன்சர் குழாய் இழுத்த கோடு இன்னும் இருக்கிறது, நகம் நுழைகிற ஆழத்துக்கு. அதன்மேல்தான் துணி துவைக்கிறேன். கோடு இருக்கிற இடமாகப் பார்த்து ஓங்கி ஓங்கித்தான் அடிக்கிறேன்.